பியூர் சயின்ஸா, பயோ மேத்ஸா? மருத்துவம் படிக்க விரும்பிய குடியாத்தம் வட்டத்து மாணவி ஒருவரின் பிளஸ் ஒன் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானபோது, குடியாத்தம் வட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் தங்கள் மூத்த மகளை மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது என்று ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தது. தந்தை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தாய் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். மாணவி ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பத்தாம் வகுப்பில் 500க்கு 452 மதிப்பெண்கள். அவற்றில் அறிவியலில் 97, கணிதத்தில் 76. அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அடுத்த இரண்டு ஆண்டுகளும் இந்த மாணவியின் படிப்பை அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மாணவியும் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களையோ பள்ளிகளையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வேலூர்ப் பக்கத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால் டாக்டர் என்பது ஏறக்குறைய அனிச்சையாகவே வரும் பேச்சு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் வாசலைக் கடக்காத குடும்பம் பழைய வடஆற்காடு மாவட்டத்தில் அரிது. அடுக்கம்பாறையில் 2005-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அந்த ஆசை கிராமங்களுக்குள்ளும் இன்னும் இறங்கியது. ஆசைக்குக் குறைவில்லாத இந்த வட்டாரத்தில், அந்த ஆசைக்கான முதல் நிர்வாக முடிவு பதினைந்து வயதில், ஜூன் மாதத்தின் ஒரு வாரத்தில், ஒரு விண்ணப்பப் படிவத்தில் எடுக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் பலர் உணர்வதில்லை.

குடும்பம் கேட்ட கேள்வி

அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் அடங்கிய பியூர் சயின்ஸ் பிரிவா, அல்லது இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் அடங்கிய பயோ மேத்ஸ் எனப்படும் முதல் குரூப்பா? தாய் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: "கணக்கு இல்லாத குரூப் போட்டா நீட்டுக்குப் படிக்க நேரம் கெடைக்கும்னு சொல்றாங்க சார். எங்களுக்கு இன்னா தெரியும், நீங்களே பாத்து சொல்லுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு; இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. பியூர் சயின்ஸ் பிரிவில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக இருப்பதால், உயிரியலுக்குக் கிடைக்கும் வகுப்பு நேரம் முதல் குரூப் மாணவருக்குக் கிடைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேர்வில் பாதி எடை கொண்ட பாடத்துக்கு இரட்டிப்பு நேரம் என்பது எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமன்று. தகுதி விதிகளைப் பொறுத்தவரையிலும் இரண்டு பிரிவுகளுக்கும் வேறுபாடில்லை. எம்.பி.பி.எஸ். படிக்க மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித்தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவை வேண்டும், கணிதம் கட்டாயமில்லை.

ஆயினும் இந்த நம்பிக்கை எந்தக் காலத்தில் வேர்விட்டது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு 2016 வரை மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்களின் அடிப்படையில் நடந்தது: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது. அப்போதும் உயிரியலின் எடை பாதிதான். ஆனால் இயற்பியல் தாளின் தன்மை வேறு. புத்தகத்தின் பின்பக்க வினாக்களையும் எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் பழகி, கொள்கை விளக்கங்களை மனப்பாடம் செய்துவிட்டால், கணிதத்தில் தடுமாறும் மாணவர்கூட இயற்பியலில் முழு மதிப்பெண்ணை நெருங்க முடிந்தது. 2017 முதல் நீட் கட்டாயமானபின் இயற்பியல் என்பது கணக்கு போடுவதாகிவிட்டது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் பறிபோவதால் மனப்பாடம் அங்கே கைகொடுப்பதில்லை. பழைய முறைக்குப் பொருந்திய ஆலோசனையை அண்ணன், அக்கா வழியாகக் கேட்டு இன்றும் பின்பற்றுகிறார்கள் என்பதே என் கணிப்பு.

கணிதம் பாடமாக இல்லாவிட்டாலும் தேர்வில் இருந்துகொண்டுதான் இருக்கும் என்பதை வீட்டாருக்கு விளக்க, பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தின் இரண்டாம் அலகான இயக்கவியலைத் திறந்து காட்டினேன். வெக்டர்கள், வகையிடல், தொகையிடல் மூன்றும் அந்த ஒரே அலகில் வந்துவிடுகின்றன. ஒரு பொருளின் நிலை x = 2t³ − 3t² என்று தரப்பட்டால், எந்த நேரத்தில் அதன் முடுக்கம் சுழியாகும் என்பது நீட் பாணியில் மிகச் சாதாரணமான வினா. ஒருமுறை வகையிட்டால் திசைவேகம் 6t² − 6t. மறுமுறை வகையிட்டால் முடுக்கம் 12t − 6. எனவே விடை அரை வினாடி. இரண்டு வரிக் கணக்கு. வகையிடலை ஒருவர் கற்றுத் தந்திருந்தால் முக்கால் நிமிடம். இல்லையென்றால் முழு நாளும் போதாது.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் முதல் குரூப்பை மட்டும் உயர்த்திப் பேசுவது நேர்மையாகாது. இயற்பியல் ஆசிரியர் ஜூன், ஜூலையில் கையிலெடுக்கும் வெக்டரும் வகையிடலும் கணிதப் புத்தகத்தில் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன; வகுப்பில் அவற்றை நடத்தும்போது ஆண்டின் பிற்பாதி ஆகிவிடும். ஆக, கணிதம் எடுத்த மாணவரும் முதல் மூன்று மாதம் இயற்பியல் வகுப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார், யாராவது முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தாலொழிய. கணிதத் தாளுக்கென்று பிளஸ் டூவில் பன்னிரண்டு பாடங்களைப் படித்து 90 மதிப்பெண்களுக்கு எழுதும் சுமையும் தனி.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பாடப்பிரிவு ஒதுக்கும் பழக்கம் பள்ளிகளில் உண்டு. 450க்கு மேலென்றால் முதல் குரூப் என்பது போல. அது பள்ளிக்கு வசதி, மாணவருக்கு எந்தத் தகவலையும் தராது. இந்த மாணவியின் கணித மதிப்பெண் 76 என்பதிலும் எனக்கு அதிகச் செய்தி கிடைக்கவில்லை. இழந்த 24 எங்கே போயின என்பதுதான் தேவைப்பட்டது. பத்தாம் வகுப்பின் திருப்புதல் தேர்வுத் தாள்களை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தபோது, எட்டு மதிப்பெண் வினாக்களான வடிவியல் வரைதலிலும் வரைபடத்திலும் ஒவ்வொரு தாளிலும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார். சறுக்கலெல்லாம் முக்கோணவியலிலும், பின்னங்களைச் சுருக்கும்போது குறிகளை மாற்றிப் போடுவதிலும் இருந்தது. அதாவது முறைப்படி செய்யச் சொன்னதைச் செய்கிறார். இயற்பியலுக்கு அன்றாடம் வேண்டிய சைன், கொசைன், குறிகள் ஆகியவற்றில் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. கணிதத்தை விட்டுவிட்டால் இந்தப் பலவீனத்தைத் திருத்த வாரந்தோறும் முன்னால் நிற்கும் ஒரு ஆசிரியரையும் சேர்த்து விட்டுவிடுவார். இதுவே முதல் குரூப்பை நான் பரிந்துரைத்ததற்கு முதன்மையான காரணம். அறிவியலில் 97 எடுத்த பெண், உயிரியலைத் தானாகவே படித்துக்கொள்வார் என்று துணிந்து நம்பலாம். கணிதத்தை அப்படி விட முடியாது.

அடுத்த காரணம் வழக்கமானது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கணக்கிடப்படுவதால், பியூர் சயின்ஸ் எடுத்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. செவிலியர், இயன்முறை மருத்துவம், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகியவை இரு பிரிவினருக்கும் திறந்தே இருக்கின்றன. மருந்தாளுநர் பட்டப்படிப்புக்கு உயிரியல், கணிதம் இரண்டில் ஒன்றே போதும். ஒரு பக்கம் மட்டுமே கூடுதல் வாசல் இருக்கிறது.

இடையில் உறவினர் ஒருவர் தொழிற்கல்விப் பிரிவிலுள்ள நர்சிங்கைப் பரிந்துரைத்தார். பெயரில் மருத்துவ வாடை இருந்தாலும், அதில் இயற்பியலும் வேதியியலும் இல்லாததால் நீட் பற்றிய பேச்சே அங்கு எழாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் சேர்ந்து பின்னால் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதும் வழியை தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில்தான் திறந்தது; அது மனம் மாறியவர்களுக்கான வழி, முன்கூட்டியே திட்டமிடுவோருக்குத் தேவையில்லை.

கேட்கப்படாத கேள்வி

பாடப்பிரிவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான், பள்ளியை மாற்றும் எண்ணம் இருப்பதைத் தந்தை தயங்கித் தயங்கி வெளியிட்டார். காட்பாடிப் பக்கத்திலுள்ள ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி, நீட் பயிற்சியும் சேர்த்து, பாதிக் கட்டணத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. முன்பணம் கட்டக் கடனும் பேசி வைத்திருந்தார்கள். மாணவி அதுவரை வாய் திறக்கவில்லை, அப்போதுதான் சொன்னார்: "நைனா கஷ்டப்பட்டுக் கட்டுவாரு சார். ஆனா அங்க போனா அந்த ஏழரை சதவீதம் கெடைக்காதாமே?"

வீட்டில் யாரும் எழுப்பாத அந்தக் கேள்விதான் இந்த நிகழ்வின் மையம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020-இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்குண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. "எய்டட் ஸ்கூலும் கவர்ன்மெண்ட் மாதிரிதானே" என்று எண்ணி பதினோராம் வகுப்பில் நகரத்துக்கு மாறி, ஒதுக்கீட்டை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோர் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் 2021 முதல் இதே ஒதுக்கீடு விரிவுபடுத்தப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் உயர்கல்விக்குச் சென்றால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்து ஈட்டிய இந்த உரிமைகளை, இரண்டு ஆண்டு நீட் பயிற்சிக்காக விட்டுக்கொடுப்பதா என்பதே உண்மையில் தீர்மானிக்க வேண்டியதாக இருந்தது.

பாடப்பிரிவு பொருந்தவில்லை என்றால் முதல் சில வாரங்களில் தலைமையாசிரியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தனியார் பள்ளிக்கு மாறிவிட்டால் ஒதுக்கீடு திரும்பி வராது. எந்த முடிவைத் திருத்த முடியாதோ அதைத்தான் முதலில் பேச வேண்டும். இங்கோ அது கடைசியில், அதுவும் மாணவியின் வாயிலிருந்து வந்தது.

தனியார் பள்ளிக்கு மாறுவதில்லை என்று முடிவானபின், எந்த அரசுப் பள்ளி என்ற கேள்வி எஞ்சியது. ஊரிலிருந்த மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது. பஸ்ஸில் நாற்பது நிமிடத் தொலைவிலிருந்த மற்றோர் அரசுப் பள்ளியில் நான்கு பாடங்களுக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதைவிட, இயற்பியலுக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று பாட்டி இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார். பிறகு இறங்கி வந்தார்.

பயிற்று மொழி

புதிய பள்ளியில் முதல் குரூப் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் இருந்தது. மருத்துவக் கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்பதால் இப்போதே மாறிவிடலாம் என்பது தந்தையின் எண்ணம். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். வினாத்தாளில் ஆங்கில வடிவமும் உடனிருக்கும். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே இறுதியானது. 2018-ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே தமிழில் படிப்பவருக்கும் ஆங்கில வினாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் இல்லாமல் ஆகாது. ஆனால் அதற்காகக் கருத்துகளை முதன்முறை கற்கும் வயதில் மொழியையும் மாற்றிச் சுமையை இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் வழியிலேயே தொடர்வது, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதே பாடத்தை என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை வாசிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

இரண்டு ஆண்டுகள்

2023 ஜூனில் முதல் மூன்று வாரங்கள் மாலைநேரத்தில் முக்கோணவியலும் எளிய வகையிடலும் மட்டும் நடந்தன. நண்பரான கணித ஆசிரியர் ஒருவர் உதவினார். பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு அப்போது நடைமுறையில் இருந்தது. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தைத் திணித்த தனியார் பள்ளிகளின் வழக்கத்தைத் தடுக்க 2017-18-இல் கொண்டுவரப்பட்ட தேர்வு அது. மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் கைவிடப்பட்டது. நீட் வினாக்கள் இரு வகுப்புகளிலிருந்தும் வருவதால், பொதுத்தேர்வு இல்லாத இந்தச் சூழலில் பிளஸ் ஒன் பாடம் முழுமையாக நடக்கிறதா என்று பெற்றோரே விசாரிக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது.

முதலாண்டு திட்டப்படி நடந்தது. இரண்டாம் ஆண்டின் பிற்பாதியில் பிடி தளர்ந்தது. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வுகள், கணிதத் தாள் என்று இழுத்துக்கொண்டு போக, நீட் இயற்பியல் பயிற்சி வாரத்துக்கு ஒரு நாளாகச் சுருங்கியது. பியூர் சயின்ஸ் பக்கம் வாதாடுபவர்கள் இந்த மூன்று மாதங்களைச் சுட்டிக்காட்டினால் மறுப்பதற்கில்லை.

பிளஸ் டூவில் உயிரியல் 95, வேதியியல் 91, இயற்பியல் 88, கணிதம் 84. 2025 மே 4 அன்று நடந்த நீட் தேர்வில் 720க்கு 263: உயிரியலில் 187, வேதியியலில் 51, இயற்பியலில் 25. அந்த ஆண்டு இயற்பியல் பகுதி மிகக் கடினம் என்று பரவலாகப் பேசப்பட்டது. முந்தைய ஆண்டு 720 வரை சென்ற முதல் மதிப்பெண் 686-இல் நின்றது, பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண்ணும் 162-இலிருந்து 144-ஆக இறங்கியது. ஆகவே 25 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பாடப்பிரிவுத் தேர்வைச் சரியென்றோ தவறென்றோ சொல்லிவிட முடியாது. விடைக்குறிப்போடு ஒப்பிட்டபோது அதைவிடப் பயனுள்ள விவரம் கிடைத்தது: இயற்பியலின் 45 வினாக்களில் 25க்கு விடை எழுதி, 10 சரி, 15 தவறு. நாற்பது மதிப்பெண் ஈட்டி, பதினைந்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தவறிய பதினைந்தில் பாதிக்கும் மேற்பட்டவை, சூத்திரம் தெரிந்தும் கடைசி அரை மணியில் அவசரமாகக் குறித்தவை. அந்த ஆண்டு முதல் 180 வினாக்களுக்கு 180 நிமிடம் என்று ஆனதையும், விருப்பத் தேர்வு வினாக்கள் நீக்கப்பட்டதையும் மனத்தில் வைத்து, நேரம் பார்த்துப் பயிற்சி செய்திருக்கவில்லை. இது எந்தப் பாடப்பிரிவில் இருந்தாலும் நேர்ந்திருக்கும்.

தற்போதைய நிலை

தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. பொறியியல் கட்-ஆஃப் 173.5 வந்ததால் அதே ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் கட்டணமின்றிச் சேர முடிந்திருக்கும். கணிதத்தை விடாததால் வந்த வாய்ப்பு அது. தந்தை ஒரு வாரம் அந்தப் பக்கம் சாய்ந்தார். மாணவி தேர்ந்தெடுத்ததோ பி.எஸ்சி. நர்சிங். டாக்டருக்குக் கிடைக்காதவர்கள் போகும் படிப்பு என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். 1946-லேயே செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கிய சி.எம்.சி. இருக்கும் மாவட்டத்தில் இப்படிப் பேசுவது வியப்புத்தான். ஓர் ஆண்டு வீட்டில் இருந்து மறுபடி நீட் எழுத வேண்டும் என்று பெரியப்பா வற்புறுத்தினார். பயிற்சி மையத்துக்கான பணம் இல்லை என்பதோடு, வயது வரம்போ முயற்சி வரம்போ இல்லாத தேர்வுக்காகக் கல்லூரி ஆண்டை இழக்க மாணவி விரும்பவில்லை. மீண்டும் எழுதினாலும் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டு உரிமை அவருக்கு அப்படியே இருக்கும்.

முதலாண்டு வகுப்புகள் நடந்துகொண்டிருக்கின்றன. மாதம் ஆயிரம் ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கில் வருகிறது. விடுதிச் செலவில் ஒரு பகுதி அதில் நடக்கிறது. நீட் தேர்வுக்கு மறுபடி விண்ணப்பிப்பது பற்றி வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை: தந்தை எழுதச் சொல்கிறார், முதலாண்டுத் தேர்வு முடியட்டும் என்கிறார் மாணவி. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிக்கும் தம்பிக்காக, அருகிலுள்ள மூன்று அரசுப் பள்ளிகளில் எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று தாய் இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.